ஒரே சோற்றுக்கு ஐந்து கணக்கு

என் போனில் இருக்கும் கலோரி ஆப்பில் சோறு என்று தேடினால் முதல் பக்கத்திலேயே ஐந்து எண்கள் வரும்: 97, 130, 205, 242, 360. ஐந்துக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ‘வெள்ளை அரிசிச் சோறு’. பயனர்களே சேர்த்த உணவுப் பட்டியல் என்றாலே குப்பை என்பவர்கள் இந்த மாதிரிப் பக்கத்தைத்தான் படம் பிடித்துக் காட்டுவார்கள். ஆனால் இந்த ஐந்தில் ஒரு எண்கூடத் தவறில்லை.

100 கிராம் சோற்றுக்கு 130 கலோரி. நீள அரிசிச் சோறு ஒரு அமெரிக்கக் கப் அளவுக்கு, அதாவது 158 கிராமுக்கு, 205. நடுத்தர நீள அரிசி என்றால் அதே கப்பில் 186 கிராம் பிடிக்கும், அது 242. வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரகத்தில் 100 கிராமுக்கு 97. கடைசியில் இருக்கும் 360, வேகவைக்காத அரிசி 100 கிராமுக்கு. யாரோ ஒருவர் நம்பகமான இடத்திலிருந்து சரியான எண்ணை எடுத்திருக்கிறார். எவ்வளவு எடைக்கு, எந்த ரகத்துக்கு, வெந்ததா வேகாததா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

எடை குறைப்பதற்காக இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகும் பட்டியலைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. தப்பாகத் தெரியும் பதிவைப் பார்த்தால் அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடத் தோன்றும். தேடிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: முழுக்க முழுக்கக் கற்பனையான எண்கள் குறைவு. பெரும்பாலானவை அளவு கழன்றுபோன சரியான எண்கள். இவற்றைக் கண்டுபிடிக்க ஊட்டச்சத்துப் படிப்பு வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும். அந்தக் கணக்குக்கும் சிக்காத ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மதுவில் இருக்கும் ஆல்கஹாலுக்கு 7. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. இன்றைக்கும் பெரும்பாலான லேபிள்களுக்கு அடிப்படை இவைதான். ஒரு பதிவைத் திறந்தால் மொத்தக் கலோரியோடு புரதம், மாவுச்சத்து, கொழுப்பும் இருக்கும். பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். வேர்க்கடலை வெண்ணெய்ப் பதிவு ஒன்றில் புரதம் 22, மாவுச்சத்து 22, கொழுப்பு 50 என்று இருக்கிறது. 88, 88, 450, மொத்தம் 626. மேலே 590 அல்லது 600 என்று போட்டிருந்தால் கவலை இல்லை. நார்ச்சத்து, தசம எண்களை முழு எண்ணாக்குவது என்று பல காரணங்களால் நூற்றுக்குப் பத்து வரை இப்படி முன்னே பின்னே இருக்கும். ஆனால் மேலே 190 என்று இருந்தால்? அது 32 கிராமுக்கான, அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கான கலோரி. சத்துகளை 100 கிராம் பத்தியிலிருந்தும் கலோரியை ஒரு பங்குக்கான பத்தியிலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். லேபிளில் இரண்டு பத்திகளும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருப்பதால் இந்தக் கலப்படம் அடிக்கடி கண்ணில் படும்.

இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான எண்ணெய்கூட 100 கிராமுக்கு 900 கலோரியைத் தாண்டாது. ஆகவே 100 கிராமுக்கு 1,500 கலோரி என்று ஒரு பிஸ்கட் சொன்னால், அது கலோரி இல்லை, ஆற்றலை அளக்கும் இன்னொரு அலகான கிலோஜூல். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய லேபிள்களில் கிலோஜூல் முதலில் அச்சாகியிருக்கும். அவசரத்தில் சேர்ப்பவர் முதல் எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். 4.184ஆல் வகுத்தால் உண்மையான கலோரி வந்துவிடும். பிஸ்கட்டில் இது பளிச்சென்று தெரியும். சோற்றில் தெரியாது. 130 கலோரி என்பது 544 கிலோஜூல். ‘சோறு, ஒரு தட்டு, 544’ என்று பார்த்தால் பெரிய தட்டு போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவோம். தட்டு, கிண்ணம், பங்கு என்று அளவு சொல்லும் பதிவுகளை நான் தொடாததற்கு இதுவே காரணம். கிராம் இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. இந்தியாவில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையும் ஆற்றலைக் கிலோஜூலில்தான் தருகிறது. அதிலிருந்து எடுத்துச் சேர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வேகாததா வெந்ததா என்ற சிக்கல். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இங்கேதான் விழுகிறது. 200 கிராம் அரிசியை வேகவைத்தால் 720 கலோரி அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் சேரும். சோறு 560 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 129. கொஞ்சம் குழைய வைத்து 640 கிராம் ஆனால் 100 கிராமுக்கு 112 அல்லது 113. இரண்டுமே அதே அரிசி. இறைச்சியில் இது தலைகீழ். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராமுக்கு 120 கலோரி, சுட்டால் 165. தண்ணீர் போய்விடுவதால் அதே சத்து குறைந்த எடைக்குள் அடங்கிவிடுகிறது. 200 கிராமைப் பச்சையாக நிறுத்துவிட்டு, வெந்த கறிக்கான பதிவைத் தேர்ந்தெடுத்தால் 90 கலோரி கூடுதலாகக் காட்டும். வெந்ததை நிறுத்துவிட்டுப் பச்சைக் கறிப் பதிவைத் தேர்ந்தால் குறைத்துக் காட்டும். பருப்பு, பாஸ்தா, ஓட்ஸ் இவற்றில் வித்தியாசம் இன்னும் பெரிது. உலர்ந்த பருப்பு 100 கிராமுக்கு 350 கலோரியை ஒட்டி இருக்கும், வெந்தது 116.

என் பழக்கம், முடிந்தவரை சமைக்கும் முன்பே நிறுத்துவிடுவது. பாக்கெட்டின் லேபிளும் பொதுவாக விற்கும் நிலையில் உள்ள பொருளுக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரே பாத்திரத்திலிருந்து நாலு பேர் சாப்பிடும் வீட்டில் இது மட்டும் போதாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. காலிப் பாத்திரங்களின் எடையை ஒரு முறை நிறுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். சமைக்கும்போது போடும் பொருள்களை ஆப்பில் ‘ரெசிபி’ பகுதியில் சேருங்கள். முக்கியமாக எண்ணெய். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். மீதி 1,340 கிராம் என்றால், ‘எத்தனை பங்கு’ என்று ஆப் கேட்கும் இடத்தில் 1340 என்று போட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு பங்கு என்றால் ஒரு கிராம். உங்கள் தட்டில் 280 கிராம் விழுந்தால் 280 பங்கு. வகுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இப்படிச் செய்ய மனமில்லாதவர்கள் ‘வீட்டில் செய்த காய்கறி சூப்’ என்று தேடி வருவதில் ஒன்றைத் தேர்வார்கள். அந்தச் சூப் யாருடைய அடுப்பில் கொதித்தது, எத்தனை கரண்டி எண்ணெய் போட்டார், எவ்வளவு தண்ணீர் விட்டார் என்று யாருக்கும் தெரியாது. கலவை உணவுகளுக்குப் பிறர் பதிவைப் பயன்படுத்துவது, முகம் தெரியாதவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது மாதிரி. தட்டைப் படம் எடுத்தால் கலோரி சொல்லும் புது வசதிகளுக்கும் இதே தகராறுதான். படத்தில் சூப் தெரியும், எண்ணெய் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு கரண்டி வித்தியாசம் என்றால் 240. பலர் ஒரு நாளைக்குக் குறைக்க நினைக்கும் அளவில் பாதி அங்கேயே போய்விட்டது.

பார்கோடு ஸ்கேன் செய்தால் தப்பே வராது என்று நம்புபவர்கள் நிறைய. கோடு சரியாகத்தான் படிக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பதிவை ஏற்றியவரும் ஒரு மனிதர்தானே. பொருளின் செய்முறை மாறியிருக்கலாம், பதிவு அப்படியே கிடக்கும். பிரிட்டனில் சர்க்கரை கலந்த பானங்களுக்கு 2018 ஏப்ரலில் வரி வந்தது. அதையொட்டி நிறைய நிறுவனங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அதற்கு முன்னால் ஏற்றிய பதிவு இன்னும் பழைய சர்க்கரையையே காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2016இல் லேபிள் விதிகளைத் திருத்தியபோது ஐஸ்கிரீமின் ஒரு பங்கு அரைக் கப்பிலிருந்து மூன்றில் இரண்டு கப்பானது. பொருளில் ஒரு துளி மாற்றம் இல்லை, ‘ஒரு பங்கு’ மட்டும் பெரிதாகிவிட்டது. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் விற்கும் பொருளின் செய்முறை வேறாக இருப்பதும் சகஜம்.

பலர் கவனிக்காத ஒன்று: கடைக்காரரே எடை போட்டு ஒட்டும் சீஸ், இறைச்சி போன்றவற்றின் பார்கோடு பெரும்பாலும் 2 என்ற எண்ணில் தொடங்கும். அந்த வரிசை, கடைகள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டது. ஒரு கடையில் அது சீஸ், இன்னொரு கடையில் அதே எண் மீனாக இருக்கலாம். ஒருமுறை சீஸ் துண்டு ஒன்றை ஸ்கேன் செய்ததற்கு எனக்கு இறால் வந்தது. அது ஆப்பின் கோளாறு இல்லை, அந்த எண் உலகத்துக்குப் பொதுவானதே இல்லை. 2இல் தொடங்கினால் ஸ்கேன் செய்யாமல் பெயரைத் தேடி எடுப்பது நல்லது.

நாடு மாறும்போது மாவுச்சத்தின் கணக்கும் மாறுகிறது. அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனி. சியா விதையை எடுத்துக்கொண்டால் அமெரிக்கக் கணக்கில் 100 கிராமில் 42 கிராம் மாவுச்சத்து, அதில் 34 நார்ச்சத்து. ஐரோப்பியக் கணக்கில் மாவுச்சத்து என்று மிஞ்சுவது 8 கிராம்தான். இரண்டும் ஒரே பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பியப் பதிவின் மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தை மறுபடியும் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விடை சைபருக்குக் கீழே போனால்தான் சந்தேகமே வரும். உப்பும் அப்படித்தான். ஒரு இடத்தில் உப்பு, இன்னொரு இடத்தில் சோடியம். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு.

இதெல்லாம் எடை குறைப்பவருக்குச் சின்னத் தொந்தரவு. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அப்படியில்லை. சாப்பிடப் போகும் மாவுச்சத்தை எண்ணி மருந்தின் அளவைத் தீர்மானிப்பவர்கள், யாரோ தட்டிய பதிவை நம்பி ஊசி போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கையில் இருக்கும் பாக்கெட்டின் லேபிள், அது இல்லாவிட்டால் மருத்துவக் குழு கொடுத்த அட்டவணை, இவை இரண்டும்தான் அவர்களுக்கு.

அதே அளவு கவனம் தேவைப்படுவது காலி இடங்களுக்கு. பயனர் பதிவுகளில் கலோரியும் மூன்று பெரிய சத்துகளும் இருக்கும். பொட்டாசியம், மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின்கள் இருக்காது, ஏனென்றால் லேபிளிலேயே அவற்றில் பல இல்லை. அமெரிக்காவில் வைட்டமின் டி, கால்சியம், இரும்பு, பொட்டாசியம் மட்டும் கட்டாயம். மெக்னீசியத்தை எழுதியே ஆகவேண்டும் என்று விதி இல்லை. ஆப் இந்தக் காலி இடத்தைக் கூட்டும்போது சைபர் என்று எடுத்துக்கொள்கிறது. என் தோழி ஒருத்தி தன் ஆப்பில் மெக்னீசியம் மாதக்கணக்கில் சிவப்பாகவே இருக்கிறது என்று மாத்திரை வாங்கக் கிளம்பினாள். அவள் தினமும் கீரையும் பருப்பும் கொட்டைகளும் சாப்பிடுபவள். பதிவுகளைத் திறந்து பார்த்தோம். மெக்னீசியம் என்ற இடம் எல்லாவற்றிலும் வெறுமையாக இருந்தது. ஆய்வக அட்டவணையிலிருந்து வந்த பதிவுகளாக மாற்றியதும் சிவப்பு போய்விட்டது. இதன் எதிர்ப்பக்கம்தான் பயமுறுத்துவது. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவருக்கு அதே வெறுமை ‘நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்’ என்று பச்சையாகக் காட்டும்.

சரி, நம்பகமான பதிவுகளை எங்கே எடுப்பது? அமெரிக்க வேளாண் துறையின் ‘ஃபுட்டேட்டா சென்ட்ரல்’ 2019இலிருந்து இலவசமாக இணையத்தில் இருக்கிறது. அதற்குள்ளேயும் வகைகள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஃபவுண்டேஷன்’, ‘எஸ்ஆர் லெகசி’ என்ற பிரிவுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆய்வக அளவீடுகள். ‘பிராண்டட்’ பிரிவில் இருப்பவை நிறுவனங்கள் கொடுத்த லேபிள் தகவல்கள். பெயரில் அரசாங்கம் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. பிரிட்டனுக்கு, மெக்கன்ஸ், விடோசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1940இல் தொடங்கிவைத்த உணவு அட்டவணை இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவுக்கு மேலே சொன்ன 2017 அட்டவணை, அதில் 528 உணவுகள். பாக்கெட் பொருள்களுக்கு 2012இல் பிரான்ஸில் தொடங்கிய ‘ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்’ எனக்குப் பிடிக்கும். அதுவும் பொதுமக்கள் ஏற்றுவதுதான், ஆனால் பல பதிவுகளோடு லேபிளின் புகைப்படமும் இருக்கும். எண்ணில் சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பயனர்கள் அனுப்புவதை ஊழியர்கள் பார்த்த பிறகே சேர்க்கும் ‘க்ரோனோமீட்டர்’ போன்ற ஆப்களும் உண்டு. பதிவின் பக்கத்தில் இருக்கும் பச்சை டிக்குக்கு மட்டும் நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன, அல்லது நிறையப் பேர் சரி என்றிருக்கிறார்கள் என்பதற்குமேல் அதற்குப் பல ஆப்களில் பொருள் கிடையாது.

அதிகாரபூர்வ எண்ணும் கல்லில் வெட்டியதல்ல. அமெரிக்க விதிப்படி, பரிசோதனையில் கலோரி லேபிளில் போட்டதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடினால்தான் குற்றம். ஒரு பங்கில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் சைபர் என்று போடலாம். சமையல் எண்ணெய் ஸ்பிரே டப்பாவில் ‘0 கலோரி’ என்று இருப்பது இதனால்தான். கால் நொடி அழுத்தினால் வரும் கால் கிராமை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது எண்ணெய்தான். பாதாம் கதை இன்னும் சுவாரசியமானது. 28 கிராம் பாதாமுக்கு லேபிளில் 170 கலோரி வரை போடுவார்கள். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனித உடல் அதிலிருந்து உண்மையில் எடுத்துக்கொள்வது 129 கலோரிதான் என்று தெரிந்தது. கொழுப்பில் ஒரு பகுதி செல் சுவருக்குள்ளேயே சிக்கி வெளியே போய்விடுகிறது. உணவகங்களும் விலக்கல்ல. அமெரிக்க உணவகங்களின் உணவுகளை ஆய்வகத்தில் அளந்து 2011இல் வெளியான ஆய்வில் சராசரி ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆனால் ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவான உணவுகளில், சொன்னதைவிடக் குறைந்தது 100 கலோரி கூடுதலாக இருந்தது.

இவ்வளவு பிழைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கணக்கு எழுதுவது என்று கேட்கலாம். பிழைகள் கூட்டியும் குறைத்தும் கலந்து வந்தால் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். ஒரு நாள் 60 கூடும், மறுநாள் 50 குறையும், மாதக் கடைசியில் பெரிய வித்தியாசம் இருக்காது. நடைமுறையில் அப்படி அடித்துக்கொள்ளாததற்குக் காரணம் பட்டியல் அல்ல, தேர்ந்தெடுக்கும் விரல். நான் முன்பு தள்ளிவைத்த விஷயம் இதுதான். ஒரே உணவுக்கு எட்டுப் பதிவுகள் வரிசையாக நின்றால், சாயங்காலம் பசியோடு இருக்கும் மனிதர் எதைத் தொடுவார்? இன்றைக்கு இன்னும் 300 கலோரிதான் மிச்சம் என்று ஆப் சொல்கிறது, தட்டில் இருப்பதற்கு ஒரு பதிவு 410 என்கிறது, இன்னொன்று 285 என்கிறது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் 285ஐத் தொட்டுவிட முடியும். பலரும் அதையே தொட்டால், பலர் தொடும் பதிவை மேலே காட்டும் ஆப்பில் அது முதலிடத்துக்கு ஏறும். அடுத்து வருபவர் யோசிக்கக்கூட வேண்டியதில்லை.

இந்தச் சாய்வு ஆப்களோடு பிறந்ததும் அல்ல. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவை வைத்து நடந்த ஆய்வு, 1992இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் எழுதிக் கொடுத்தது உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அப்போது போனில் தேட எந்தப் பட்டியலும் இல்லை.

விரலைத் திருத்துவதைவிடத் தேர்வையே எடுத்துவிடுவது எனக்கு எளிதாக இருந்தது. வாரா வாரம் நம் தட்டுக்கு வருபவை அதிகம் போனால் நாற்பது பொருள்கள். விடுமுறை நாளில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் லேபிளையோ ஆய்வக அட்டவணையையோ பார்த்து, மேலே சொன்ன பெருக்கலையும் போட்டு, ‘என் உணவுகள்’ பகுதியில் சொந்தப் பதிவாக ஏற்றிவிட்டேன். எல்லாம் 100 கிராமுக்கு. பசிக்காத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அதன் பிறகு சாப்பிடும் நேரத்தில் பொதுப் பட்டியலில் தேடுவதே கிடையாது. புதிதாக ஏதாவது வந்து, எட்டுப் பதிவுகள் நின்று, சோதிக்கவும் நேரமில்லை என்றால் நடுவில் இருப்பதை எடுப்பேன். எது குறைவு என்று பார்க்க ஆரம்பித்தால் போச்சு.

எல்லாவற்றையும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா என்றால், வேண்டாம். வெள்ளரிக்காயும் தக்காளியும் எலுமிச்சையும் எந்தப் பதிவாக இருந்தாலும் கெட்டுப்போகாது. 100 கிராமுக்கு 15, 18 கலோரி உள்ள பொருளில் நூறு சதவீதப் பிழை வந்தாலும் எத்தனை வந்துவிடும்? தராசும் கவனமும் எண்ணெய், வெண்ணெய், கொட்டைகள், சீஸ், தானியங்கள், சர்க்கரை இவற்றுக்கு. காய்கறியை மில்லிகிராம் சுத்தமாக எழுதிவிட்டு எண்ணெயைக் ‘கொஞ்சம்’ என்று விடும் நாட்குறிப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. எண்களே மனதைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தவர்கள், சாப்பிடவே பயப்படுகிறவர்கள், இந்த வேலையை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அவர்களுக்குத் துல்லியமான பட்டியல் உதவாது.

மிச்சம் இருக்கும் பிழையை என்ன செய்வது? உடம்பை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். நான்கு வாரம் உங்கள் கணக்கு சராசரியாக 1,800 என்று சொல்கிறது, எடை நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் நீங்கள் 2,050 சாப்பிட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் பதிவுகளின்படி, உங்கள் தராசின்படி, எடையை அசையாமல் வைத்திருக்கும் எண் 1,800. குறைக்க வேண்டுமானால் அதிலிருந்து குறையுங்கள். வயது, உயரம் கேட்டு ஆப் கொடுத்த இலக்கைவிட இது உங்களுக்கு நெருக்கமானது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்ற கணக்கை முதல் சில வாரங்களுக்கு உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைவதால், வருடக் கணக்கில் அதை நீட்டிப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

இந்தச் சரிக்கட்டல் ஒரே மாதிரி சாப்பிட்டு, ஒரே மாதிரி எழுதும் வரைதான் செல்லும். வீட்டுச் சாப்பாட்டில் எடுத்த 1,800 என்ற எண், வெளியூரில் மூன்று வாரம் உணவகத்தில் சாப்பிடும்போது செல்லாது. பிழையின் அளவே வேறாகிவிடும். அந்த மாதிரி நாட்களில் நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். திரும்பி வந்ததும் பழைய எண்ணிலிருந்து தொடர்வேன். விட்டுப்போன நாட்களை நினைவிலிருந்து நிரப்புவதில் ஒரு பயனும் இல்லை, அது சராசரியைக் கெடுக்கும்.

பொதுப் பட்டியலுக்கு நானும் அவ்வப்போது பதிவுகள் சேர்க்கிறேன். பெயரிலேயே வேகாததா வெந்ததா, எண்ணெய் சேர்ந்ததா, 100 கிராமுக்கா, எந்த நாட்டு லேபிள், எந்த மாதம் எந்த வருடம் பார்த்தது என்று எல்லாவற்றையும் எழுதுவேன். தெரியாத சத்தின் இடத்தில் சைபர் போட மாட்டேன், காலியாக விடுவேன். காலி என்பதும் சைபர் என்பதும் வேறு என்று காட்டும் ஆப்களும் இருக்கின்றன, அங்கே அது உதவும். ஏற்கனவே இருக்கும் தப்பான பதிவைத் திருத்த முடிந்தால் திருத்துவேன், முடியாவிட்டால் புகார் பொத்தானை அழுத்துவேன். சில திருத்தங்கள் நிற்கின்றன, சிலவற்றை அடுத்த வாரமே யாரோ பழையபடி மாற்றிவிடுகிறார்கள். எனது நீளப் பெயர்ப் பதிவுகள் தேடலில் எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் வரும். வெறும் ‘சோறு’ என்று எழுதியவர்தான் முதல் பக்கத்தில்.